பல்லி உச்சுக்கொட்டிய கதை

அந்தக் காலத்தில் பல்லிக்கு வாய் நிறையப் பேச்சு இருந்தது, வீடுதான் இல்லை. புளியமரப் பொந்து ஒன்றில் குடியிருந்தது. மழை பெய்தால் பொந்து ஒழுகும். ஆனாலும் சொந்த இடம்.

அந்த மரத்துக்குப் பக்கத்தில் மாசிலாமணி என்பவர் புதுவீடு கட்டினார். துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்து, நாலு இங்கிலீஷ் வார்த்தையோடு ஊர் திரும்பியவர். அவர் வீட்டில் விளக்கேற்றினால் போதும், ஈசலும் கொசுவும் வந்து சோற்றில் விழும்.

"பல்லியாரே, உள்ளே வந்துடுங்க. பூச்சியைப் பிடிச்சுத் தின்னுக்கிட்டு சௌக்கியமா இருக்கலாம்" என்று கூப்பிட்டார்.

"பொந்தை விட்டா ஓணான் புகுந்துடுவான் ஐயா. நாளைக்கு நீங்க விரட்டினா நான் எங்கே போவேன்?"

"விரட்டறதா? உங்க இடம் பர்மனென்ட்!"

"அப்படின்னா?"

"சூரிய சந்திரர் உள்ளவரைக்கும்னு அர்த்தம். துரையே எனக்குச் சொன்ன வார்த்தை."

அதே துரைதான் பிறகு அவரை வேலையைவிட்டு அனுப்பினார் என்பதை மாசிலாமணி சொல்லவில்லை. பல்லி பாவம், பெரிய வார்த்தைக்கு மயங்கிப் பொந்தை விட்டு வந்தது. அதன்பின் அந்த வீட்டுச் சோற்றில் ஒரு பூச்சி விழுந்ததில்லை.

மகள் குமுதவல்லிக்குக் கல்யாணம் கூடி வந்தது. வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். வெள்ளைச் சுவரில் பல்லி அசிங்கமாகத் தெரிந்தது. மாசிலாமணி துடைப்பத்தை எடுத்தார்.

"ஐயா, பர்மனென்ட்னு சொன்னீங்களே!"

"ஆமா, சொன்னேன். அடுத்த உத்தரவு வரைக்கும் பர்மனென்ட். போ வெளியே!"

அடி விழுந்தது. வால் அறுந்து தரையில் துடித்தது. பல்லி புளியமரத்துக்கு ஓடியது. பொந்துக்குள்ளிருந்து ஓணான் இடமில்லை என்று தலையாட்டியது. வேறு போக்கிடம் இல்லாமல், விரட்டிய வீட்டுக்கே திருட்டுத்தனமாகத் திரும்பி உத்தரத்துக்குப் பின்னால் ஒளிந்தது. இனி மனிதரோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சபதம் செய்துகொண்டது.

தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளை எல்லார் முன்னாலும் சொன்னான்: "குமுதா, உன்னை என்னைக்கும் கைவிட மாட்டேன்."

அந்தப் பெண் முகம் மலர்ந்து நின்றாள். பார்த்த பல்லிக்குப் பாவமாக இருந்தது. எச்சரிக்க வேண்டும், ஆனால் சபதம் தடுத்தது. மனம் கேட்காமல், "ச்சு... ச்சு... ச்சு" என்று உச்சுக்கொட்டியது.

"கேட்டீங்களா, பல்லியே சொல்லிடுச்சு! இனி இந்தப் பேச்சு மாறாது" என்று மாசிலாமணி பூரித்துப்போய்த் தரையை விரலால் தட்டினார்.

அன்று தொட்டுத்தான் பல்லி நம் வீட்டிலேயே வாழ்ந்தும் நம்மைக் கண்டால் ஓடி ஒளிகிறது. யாராவது 'என்றைக்கும்' என்று வாக்குக் கொடுத்தால், கேட்பவரை நினைத்து உச்சுக்கொட்டுகிறது. நாம் அதை நல்ல சகுனம் என்று தரையைத் தட்டிக்கொள்கிறோம்.