நசுங்காத எலுமிச்சம்பழம்

எங்கள் பிக்கப் வண்டியின் முதுகில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து ஒரு சின்ன வீட்டையே கட்டி ஏற்றியிருந்தோம். ஏற்றியதும் வண்டி பின்னால் குந்திக்கொண்டது. வளைவில் திரும்பினால் வீடு ஒரு பக்கமாகச் சாயும், என் மனைவி பூங்கோதைக்கு உயிர் போய் உயிர் வரும். இந்த லட்சணத்தில் கொல்லிமலை ஏற முடியுமா? பாரம் தாங்க அடியில் கூடுதலாகக் கமான் பட்டை என்கிற வில் பட்டை போடுவதா, காற்று அடைத்த பை வைப்பதா என்று கேட்க நாமக்கல்லில் சென்னியப்பன் பட்டறைக்குப் போனோம். அதே பட்டறையில் போட்ட கமான் பட்டை முறிந்து லாரி ஒன்று வாசலில் நின்றது. அதன் டிரைவர் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார்.

"பட்டையா பையாங்கறது அப்புறங்க. மொதல்ல என் கைவேலையக் கேளுங்க" என்றார் சென்னியப்பன். "ஒரு முட்டை வண்டிக்குக் கமான் கட்டுனேன். ஊட்டி ஏறி எறங்குச்சு. ஒரு முட்டை ஒடையல."

"நல்லா அடுக்குனா எதுக்கு ஒடையுது?" என்றாள் பூங்கோதை.

"அடுக்கவே இல்லைங்க அம்முணி. மணல் மாதிரி கொட்டி ஏத்துனது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"அப்புறம் ஒரு கல்யாண வண்டி. கொல்லிமலை வளைவு அத்தனையும் ஏறும்போதே உள்ள பந்தி நடந்துச்சுங்க. ஒரு எலை ரசம் அடுத்த எலைக்குப் போகல. மண்டபத்துல இருக்கறதா நெனச்சு மாப்பிள்ளை கை கழுவ எறங்கப் போயிட்டாரு."

"எறங்கிட்டாரா?" என்றேன்.

"கதவு சாத்தியிருந்துச்சு, பொழச்சாரு. காத்துப் பை இன்னும் மோசமுங்க. ஒருத்தருக்குக் கொஞ்சம் காத்து கூடிப்போச்சு. சக்கரம் ரோட்டைத் தொடாம சுங்கச்சாவடிக்கு மேலயே போயிருச்சு. டயரே தேயறதில்லன்னு டயர் கடைக்காரருக்கு எங்கூடப் பேச்சுவார்த்தை இல்லைங்க."

எனக்கு வாயில் எச்சில் ஊறியது. "பையே வச்சிரலாமா?" என்றேன். பூங்கோதை முறைத்ததும் அடங்கிவிட்டேன்.

சென்னியப்பனுக்கு அது போதவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து வற்றிச் சுருங்கிய நாலு எலுமிச்சம்பழங்களை எடுத்து வைத்தார்.

"வேலை முடிஞ்சா பூசை போட்டு, சக்கரத்துக்கு அடியில பழம் வச்சு வண்டிய எடுப்பாங்கல்ல? என் கமான் மேல உக்காந்த வண்டி ஏறுனா பழம் நசுங்காது. எல்லா வண்டிக்கும் இதே பழந்தானுங்க, ரெண்டு வருசமா!"

பூங்கோதை ஒரு பழத்தை எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

"பழம் நசுங்குனாத்தானேங்க திருஷ்டி கழியும்? அப்ப ரெண்டு வருசமா இங்கிருந்து போன ஒரு வண்டிக்கும் கழியலையா?"

சென்னியப்பன் மீதிப் பழங்களை வாரி இழுப்பறைக்குள் போட்டார். வாசலில் இருந்த லாரி டிரைவர் மெதுவாக எழுந்து உள்ளே வந்தார்.

"அதானா?" என்றார்.

"எங்களுக்கு ரெண்டு பட்டை சேத்துப் போடுங்க, போதும்" என்று பூங்கோதை தன் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "பழம் நானே வாங்கிட்டு வந்தர்றேன்."