பட்டத்து யானையும் வெல்லப் பானையும்

முன்னொரு காலத்தில், யானை சொன்னால் அரசரும் கேட்கும் ஒரு நாட்டில், செண்டலங்காரன் என்ற விகடகவி காலையில் எழுந்தான். வேப்பங்குச்சியால் பல் விளக்கினான். கிணற்றில் இறைத்துக் குளித்தான். உலை வைத்தான். பழக்கத்தில் இருவருக்கு அரிசி அளந்து, ஒரு பங்கைத் திரும்பக் கொட்டினான். வெல்லப் பானை மூடியிருக்கிறதா என்று பார்த்தான். மூடியிருந்தது. தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு அரண்மனைக்குப் புறப்பட்டான்.

அவன் மனைவி தையல்நாயகி இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அரசருக்கு அந்த வாரம் ஓர் எண்ணம் பிடித்திருந்தது. "அவரவர் இயல்புக்கு ஏற்ற தொழிலைச் செய்தால்தான் மனம் நிறையும். மாறிச் செய்வதால்தான் ஊரில் இத்தனை முகங்கள் சுண்டிக் கிடக்கின்றன. யாருக்கு எது இயல்பு என்பதைப் பட்டத்து யானையே சொல்லட்டும்" என்றார்.

யானையின் சொல்லை மறுக்க அங்கே ஆள் இல்லை. வாரிசில்லாமல் அரசர் இறந்தால், பட்டத்து யானை துதிக்கையில் மாலையோடு தெருவில் நடக்கும். யார் கழுத்தில் மாலை விழுகிறதோ அவர் அரசர். இப்போதைய அரசரின் பாட்டனார் அப்படி வந்தவர். யானை தவறும் என்று சொன்னால் சிங்காசனமே தவறு என்று ஆகிவிடும்.

கொட்டில் முற்றத்தில் தொழில் கருவிகளை வரிசையாக வைத்தார்கள். யானை வீரபாகு ஒன்றை எடுத்து, எதிரே நிற்பவரிடம் நீட்டியது. சமையற்காரருக்கு முரசு வந்தது. முரசறைபவனுக்குக் கரண்டி வந்தது. அன்று அரண்மனை முழுவதும் தீய்ந்த சோறு தின்றது.

"முதல் நாள் அப்படித்தான் இருக்கும்" என்றார் அரசர்.

செண்டலங்காரன் முறை வந்தது. தலைமை அமைச்சர் விழுப்பரையர் தொண்டையைச் செருமினார். விகடகவியின் பதவியை மைத்துனனுக்கு வாங்கித் தர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

"அரசே, இவர் தங்களைச் சிரிக்க வைத்து இரண்டு மாதம் ஆகிறது. இயல்பான திறமை துக்கத்தில் வற்றுமா? ஊற்று என்றால் கோடையிலும் ஊற வேண்டாமா? அந்த அம்மாளே கடைசி மூச்சில், 'அரசரைச் சிரிக்க வைப்பதை விட்டுவிடாதீர்கள்' என்று சொன்னதாக ஊரெல்லாம் பேச்சு."

"அவள் அப்படிச் சொல்லவில்லை" என்றான் செண்டலங்காரன்.

"வேறு என்ன சொன்னாராம்?"

"அது உமக்கு எதற்கு?"

வீரபாகு வரிசையில் நடந்தது. தாளத்தை முகர்ந்து தள்ளியது. ஏட்டையும் தள்ளியது. கடைசியில் சாணக் கூடையைத் தூக்கி விகடகவியிடம் நீட்டியது.

"யானை தவறு செய்யாது" என்றார் விழுப்பரையர். "பதவி போனால் பதவிக்கு உரிய வீடும் போகும். வெள்ளிக்கிழமை என் மைத்துனர் குடிவருகிறார். அடுப்பங்கரையை மட்டும் இடித்துக் கட்ட வேண்டுமாம். ஒரே புகைக்கரி என்றார்."

அது தையல்நாயகி சமைத்த புகை. இரண்டு மாதமாகச் செண்டலங்காரனுக்குப் பசி தெரியவில்லை, வெயில் தெரியவில்லை. இப்போது காது மடல் சுட்டது. அந்த மனிதரின் குடுமியைப் பிடித்து இழுக்க வேண்டும் போல் கை துடித்தது. கையைக் கூடைக்குள் விட்டுக்கொண்டான்.

"உத்தரவு அரசே" என்றான். "சாணத்தின் நடுவில்தான் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன். அள்ளுவதுதான் பாக்கி."

யாரோ சிரித்தார்கள். விழுப்பரையர் திரும்பியதும் அது இருமலாக மாறியது.

மறுநாள் விடிந்ததும் செண்டலங்காரன் கொட்டிலுக்குப் போனான். கூடையின் விளிம்பில் எறும்புச் சாரை ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. அவன் குனிந்து பார்த்தான். யானைச் சாணத்துக்கு இப்படிச் சாரை கட்டாதே. விரலால் தொட்டு நக்கினான்.

பாகன் இருளப்பன் பதறி ஓடிவந்தான். "சாமி, அது சாணிக் கூடை. பித்துப் பிடிச்சிருச்சா?"

"இனிக்குதே, இருளப்பா. வெல்லத்தத் தடவுனது யாரு?"

இருளப்பன் தலையைச் சொறிந்தான். "நான் என்ன பண்ணுவேன் சாமி. மந்திரி ஐயா சொன்னாரு. வீரபாகுவுக்கு வெல்லம்னா உசிரு. வேற நியாயம் தெரியாது. இன்னைக்கு மந்திரி ஐயா முறை. அவரோட தங்க எழுத்தாணியிலயும் தடவச் சொல்லியிருக்காரு."

"தடவிட்டியா?"

"தடவியாச்சு."

"கொட்டில் சாமானைக் கழுவி வைக்கிறது யார் வேலை?"

"சாணி அள்ளுறவன் வேலைதான்."

"அப்ப என் வேலை" என்று சொல்லிச் செண்டலங்காரன் எழுத்தாணியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினான். பிறகு தூணைப் பார்த்தான். நெட்டியில் கட்டிய வாடாத பட்டத்து மாலை அங்கே தொங்கியது.

"ஐயோ சாமி, அது ராசா மாலை. தண்ணி பட்டா ஊறிப்போயிரும்."

"தண்ணி படாது. மிச்ச வெல்லம் எங்க இருக்கு?"

இருளப்பன் வெல்லக் கலயத்தைக் காட்டிவிட்டு, தழை வெட்டப் போவதாகச் சொல்லிக் கிளம்பினான்.

வெயில் ஏறியதும் சபை கூடியது. விழுப்பரையர் பட்டு உடுத்தி நெஞ்சை நிமிர்த்தி நின்றார். வீரபாகு எழுத்தாணியை முகர்ந்தது. புரட்டிப் பார்த்தது. கீழே போட்டது. துதிக்கையை உயர்த்திக் காற்றைப் பிடித்தது. நேரே தூணுக்குப் போய், மாலையை எடுத்து, அதில் இருந்த வெல்லத்தை ஆசை தீரத் தடவித் தின்றது. பிறகு, எடுத்ததைக் கொடுக்கும் பழக்கத்தில், மாலையை விழுப்பரையர் கழுத்தில் போட்டது.

அரசரின் கை வாளுக்குப் போனது.

செண்டலங்காரன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, அமைச்சர் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "புதிய அரசருக்கு முதல் வணக்கம் சாணம் அள்ளுகிறவனுடையது."

"வெல்லம்!" என்று அலறினார் விழுப்பரையர். "இவன் வெல்லம் தடவியிருக்கிறான்."

"அமைச்சரே, எனக்கு நக்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. உமக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது." செண்டலங்காரன் எழுந்தான். "யானை தவறாது என்றால் நீர் அரசர். அரசர் இருக்கும்போது இன்னொருவர் அரசரானால் கழுமரம். யானை தவறும் என்றால், நேற்று என் கூடையில் வெல்லம் தடவச் சொன்னது யார்? எது உமக்கு இயல்போ அதைச் சொல்லும்."

விழுப்பரையர் வாயைத் திறந்தார். மாலையிலிருந்து எறும்புகள் கழுத்தில் இறங்கின. அவர் சொறிந்துகொண்டே, "தவறும்... நான்தான் சொன்னேன்" என்றார்.

அரசரின் முகம் கோணியது. தோள் குலுங்கியது. வாளை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கள் பாட்டனார்" என்றார் மூச்சு வாங்க. "எங்கள் பாட்டனார்... அரசராவதற்கு முன்னால்... வெல்லச் சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்."

அதன் பிறகு சபையில் யாருக்கும் இருமல் வரவில்லை. வாய்விட்டே சிரித்தார்கள். செண்டலங்காரன் மட்டும் சிரிக்கவில்லை.

"அரசே, சமையற்காரரின் கையைக் கேட்டால் அதுவே சொல்லும், அதற்குக் கரண்டி வேண்டும் என்று. துதிக்கைக்கு அது தெரியாது."

அவரவர் தொழில் அவரவருக்குத் திரும்பியது. சாணக் கூடை விழுப்பரையருக்குப் போனது. அரசர் தம் கழுத்து முத்து மாலையைக் கழற்றிச் செண்டலங்காரனுக்குப் போட்டார். "பதவி இருந்தாலும் போனாலும் அந்த வீடு உன்னுடையது. அடுப்பங்கரையை எவனும் தொட மாட்டான். சிரிக்க வைத்துவிட்டாயே, இதுவே உன் இயல்பு."

"நான் சிரிக்க வைக்கவில்லை. எனக்குக் கோபம், அரசே."

"உன் கோபமே அப்படி வருகிறது. நான் என்ன செய்ய?" அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, கூடையைப் பார்க்க உனக்கு எப்படித் தோன்றியது?"

"எறும்பு ஏறியது."

"எறும்பையெல்லாம் பார்க்க உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

"தையல்நாயகி. இறந்த அன்று காலையில் கண்ணைத் திறந்து அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தாள். சொன்னாள். நான் எழுந்து போய்விட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது."

அரசரின் சிரிப்பு நின்றது. "என்ன சொன்னாள்?"

"'வெல்லப் பானைய மூடுங்க, எறும்பு வருது.'"