ஒண்ணுபோல ஆறிய அறுபது பானை

சடையாண்டி வேளார் பானை வனைவதில் கெட்டிக்காரர். பிள்ளை பெற்றதிலும் மாப்பிள்ளை பிடித்ததிலும்தான் சறுக்கிவிட்டார். மகன்கள் சன்னாசி, கொண்டையன். மாப்பிள்ளை மூக்கன். மூன்று பேரும் சொன்ன சொல் தட்டமாட்டார்கள். ஊருக்கே அதுதான் பயம்.

அம்மன் கோயில் பொங்கலுக்கு அறுபது பானை. சூளையில் அடுக்கி, எரித்து, வாயை மண்ணால் பூசி மூடியாயிற்று. அந்த நேரம் பார்த்து வேளாரின் அக்கா வீட்டில் காதுகுத்து வந்தது.

“மாப்ளே, உள்ள இருக்கிற சூடு வெளிய போகக் கூடாது. எல்லாப் பானையும் ஒண்ணுபோல ஆறணும். ஒண்ணு ஒரு மாதிரி, இன்னொண்ணு வேற மாதிரி இருக்கவே கூடாது. சரியாப் பாத்துக்கிட்டீங்கன்னா அடுத்த சூளை உங்க பொறுப்பு. இல்லேன்னா ஆயுசுக்கும் மண்ணு மிதிக்கத்தான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூக்கனுக்கு ஏற்கெனவே மண் மிதித்து மிதித்துக் காலெல்லாம் சேற்றுப்புண். எப்படியாவது இதில் பேர் வாங்கிவிட வேண்டும் என்று தவித்தான், பாவம். கம்பும் கையுமாகச் சூளை வாயில் காவல் உட்கார்ந்தான். சூடு வெளியே வந்தால் ஒரே போடாகப் போடுவதற்கு.

சூளைச் சுவரைத் தொட்ட கொண்டையன் கையை உதறினான். “மச்சான்! சூடு இந்தப் பக்கமா வெளிய வந்துருச்சு!”

வீட்டிலிருந்த ஒரே கம்பளியைக் கொண்டுவந்து சுவரில் போர்த்தினார்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சன்னாசி கம்பளியைத் தடவிப் பார்த்தான்.

“இப்பக் கம்பளி சுடுது.”

“அது யாரோட சூடு?” என்றான் மூக்கன்.

“அய்யா உள்ள வச்சுட்டுப் போன சூடுதான்.”

“அப்ப உள்ளயே வச்சுருவோம். அடுத்தவக பொருளு நமக்கெதுக்கு?”

சூளை வாயை உடைத்துக் கம்பளியை உள்ளே திணித்தார்கள். கம்பளி குப்பென்று பற்றியது. குளிர்காற்று உள்ளே புகுந்து, முன்னாலிருந்த பானை ‘டக்’ என்றது. மறுபடி மண்ணைப் பூசி மூடிவிட்டு, சூட்டை உரிய இடத்தில் சேர்த்த நிம்மதியில் வெற்றிலை போட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை, வேளார் வருமுன்பே திறந்தார்கள். ஐம்பத்தொன்பது பானை தட்டினால் கணீரென்றன. ஒன்றில் மட்டும் விரல் நீளத்துக்கு விரிசல். மூக்கன் தலையில் அடித்துக்கொண்டான்.

“போச்சு மச்சான்! ஒண்ணு ஒரு மாதிரி இருக்கு, மத்தது வேற மாதிரி இருக்கு.”

“பச்சை மண்ணை வச்சு ஒட்டிருவோமா?” என்றான் கொண்டையன்.

“சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டுமாடா?” என்றான் சன்னாசி.

மூக்கன் வெகுநேரம் யோசித்தான். பிறகு ஓர் ஈர்க்குச்சியை ஒடித்து விரிசலை அளந்தான். மற்ற ஐம்பத்தொன்பது பானையிலும் அதே இடத்தில், அதே நீளத்தில், பக்குவமாகத் தட்டி விரிசல் போட்டார்கள். கடைசிப் பானையில் அரை விரல் கூடிப்போயிற்று. சளைக்காமல் மற்ற எல்லாவற்றிலும் அரை விரல் கூட்டினார்கள்.

வேளார் வந்தார். பார்த்தார்.

“அளந்து பாருங்க மாமா, ஒண்ணுபோல இருக்கு” என்று மூக்கன் ஈர்க்குச்சியை நீட்டினான்.

வேளாரின் முகம் செக்கச்செவேலென்று ஆனது. அப்படியே சாய்ந்துவிட்டார். மூக்கன் பதறிப்போய் நெற்றியைத் தொட்டான். அனலாய்க் கொதித்தது.

“தண்ணி தெளிக்கவா?” என்றான் சன்னாசி.

“ஐயையோ, சில்லுன்னு பட்டா வெடிச்சிருவாரு!” என்று தடுத்தான் மூக்கன்.

அலுங்காமல் தூக்கி அறையில் கிடத்தினார்கள். மேலே வைக்கோலைப் பரப்பிக் கதவைச் சாத்தி, இடுக்கெல்லாம் மண்ணைப் பூசினார்கள். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து கதவு தடதடவென்று அதிர்ந்தது. வேளாரின் வசவு தெரு முழுக்கக் கேட்டது.

மூக்கன் கதவில் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “இன்னும் ஆறல மச்சான். இன்னொரு கை மண்ணு பூசுங்க.”