முகத்துவாரத்தில் ஒரு வரைபடம்

நகரத்துக்கு வடிகால் போடுகிறவர் திருவேங்கடம். வாங்கிய பட்டங்களைச் சுவர் நிறைய மாட்டி வைத்திருந்தார். போன ஐப்பசியில் அவர் வெட்டிய கால்வாய் வழியாகவே வெள்ளம் திரும்பி வந்து, தாழங்குளத் தெருவில் இரண்டு உயிரைக் கொண்டுபோனது.

"அமாவாசை அன்னிக்குக் கடல் தண்ணியை வாங்காது" என்று முன்பே அலுவலகம் ஏறி வந்து சொன்னவள், முகத்துவாரத்தில் கையால் தடவி இறால் பிடிக்கும் தேசம்மா ஒருத்திதான். அன்று அவளை நிற்க வைத்துச் சிரித்து அனுப்பினார்கள். வெள்ளத்துக்குப் பிறகு ஞாயிறுதோறும் திருவேங்கடம் அவளிடம் பாடம் கேட்க வந்தார். அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். ஒருநாளும் அவரை உட்காரச் சொன்னதில்லை.

இந்த ஞாயிறு புது வடிகால் வரைபடத்தோடு வந்தார். மறுநாள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். பத்து நாளில் மழை வந்துவிடும்.

"இந்தத் தடவை தண்ணி போயிடுமாம்மா?"

"போன தடவை செத்தவங்க பேரு தெரியுமா?"

"கன்னியப்பன். அவர் மக ரேவதி."

"தெரியுதே. பரவாயில்லை."

கீழே கிடந்த தென்னை மட்டையை எடுத்துக் கால்வாயில் போட்டாள். ஓதம் ஏறி, கடல் தண்ணீர் உள்ளே வரும் நேரம். மட்டை கடலுக்குப் போகவில்லை. ஊரைப் பார்த்து நகர்ந்தது.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "எவ்வளவு நேரம் இப்படி?"

"ஆறு மணி நேரம் ஏறும். அப்புறம்தான் இறங்கும்."

"கால்வாயை இன்னும் அகலப்படுத்தினா?"

"கடல் கதவைச் சாத்திடுச்சு. நீங்க தெருவை அகலப்படுத்தி என்ன செய்ய?"

"அதுவரைக்கும் மழைத்தண்ணி எங்கே இருக்கும்?"

"அதைத்தானே சார் நீங்க வரையணும். காட்டுங்க."

வரைபடத்தை மணலில் விரித்தார். தெருவோரமெல்லாம் புல் பள்ளம், மழையை உறிஞ்சும் செடிப் பாத்தி. எங்கும் பச்சை.

"பாத்தி நல்லாத்தான் இருக்கு. ஒரு மணி நேர மழையைக் குடிக்கும். மிச்சம்?" தாழங்குளத் தெருவை ஒட்டியிருந்த பெரிய பச்சையில் விரல் வைத்தாள். "இது தண்ணி நிக்கிற பள்ளமாச்சே."

"அங்கே பூங்கா வருது. முப்பது ஏக்கர்." அன்று முதன்முறையாக அவர் குரலில் தெம்பு வந்தது. "எட்டடி மண் கொட்டி உயர்த்தப் போறோம். எவ்வளவு பெய்ஞ்சாலும் உள்ளே ஒரு சொட்டு நிக்காது. புல்லு அழுகாது."

தேசம்மா வரைபடத்தைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"அப்போ அந்தத் தெரு சனங்களைப் பூங்காவுல குடி வைங்க சார். புல்லை அவங்க வீட்டுல நட்டுடுங்க."