ஐம்பதாம் பக்கத்து ஆட்டம்

தென்காசிச் சதுரங்கக் கோப்பை அஞ்சு வருஷமாகப் பேராசிரியர் தாணு வீட்டை விட்டு நகரவில்லை. கறுப்புக் காய்களோடு ஆடுபவருக்கான 'சிசிலியன்' என்ற தற்காப்பு ஆட்டமுறையைப் பற்றிப் புத்தகமே போட்டவர். இந்த வருஷ இறுதி ஆட்டத்தில் அவருக்குக் கறுப்பு; எதிரே வெள்ளைக் காய்களோடு பரோட்டா மாஸ்டர் இசக்கி.

"என் சிசிலியனை உடைக்க மாவு பிசைஞ்ச கை போதாதுப்பா!"

இசக்கி பவ்யமாக அந்தப் புத்தகத்தை நீட்டினார். "ஐம்பதாம் பக்கத்து ஆட்டம் சரிதான சார்? ஒரு கையெழுத்து போடுங்க."

"ஒரு காய் மாறாது!" என்று எழுதியே கொடுத்தார்.

இசக்கி அந்த ஆட்டத்தையே ஆடினார். பாதியில் பேராசிரியருக்கு வேர்த்தது. புத்தகத்தில் போட்டிருந்த அடுத்த நகர்த்தலை ஆடினால் ராணி போகும். மாற்றி ஆடினால் மானம் போகும். சுற்றி நின்றவர்கள் ஐம்பதாம் பக்கத்தைப் பிரித்து வைத்திருந்தார்கள். புத்தகப்படியே ஆடினார். புத்தகத்தில் இல்லாத கட்டத்துக்குப் பாய்ந்து இசக்கியின் குதிரை ராணியைத் தூக்கியது.

"எழுதும்போது இது என் கண்ணுல படலையே!"

"நீங்க கறுப்புப் பக்கம் உக்காந்து எழுதுனிய, சார். நான் வெள்ளைப் பக்கம் உக்காந்து படிச்சேன்."