சிறப்பு விருந்தினர் இன்னும் சாப்பிடவில்லை

கோவில்பட்டியில் ஜெபக்கனி டீச்சரைத் தெரியாதவர் கிடையாது. ஆனால் எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர் ஒரு நாள்கூடப் பாடம் எடுத்ததில்லை. டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். ஊரில் பாதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் ஸ்டியரிங் பிடித்தார்கள். அவ்வளவு திட்டு வாங்கியவர்கள் டீச்சர் என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

அவருக்கு வாய்த்த சிஷ்யர்களில் மூத்தவர் அறவாழி அண்ணாச்சி. ஹார்டுவேர் கடைக்காரர். டீச்சரைவிட வயதில் பெரியவர். ஐம்பதைத் தாண்டிய பிறகு கார் ஓட்டப் பழக வந்தவர், வண்டியைப் பழகி முடித்த பிறகும் டீச்சரை விடவில்லை. மனதில் எந்தச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் போய் நிற்பார். டீச்சரும் லேசில் பதில் சொல்கிற ஆள் இல்லை. கேட்டவரை நன்றாக அலைய விட்டுத்தான் வாயைத் திறப்பார்.

இரண்டு பேரும் ஊரில் உள்ள ஒரு சேவை கிளப்பில் உறுப்பினர்கள். அந்தக் கிளப் இரண்டு காரியங்களைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். ஒன்று, படிக்கிற பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு உறுப்பினர் வழிகாட்டியாக நிற்பது. பரீட்சை நாளில் வாசல்வரை கூடப் போவது, வீட்டில் சண்டை என்றால் போய் உட்கார்ந்து பேசுவது எல்லாம் அதில் சேர்த்தி. இன்னொன்று, பரிமாற்றத் திட்டம். வெளிநாட்டுப் பிள்ளை ஒன்று இங்கே வந்து ஓர் உறுப்பினர் வீட்டில் தங்கிப் படிக்கும். இங்கிருந்து ஒரு பிள்ளை அங்கே போகும்.

அந்த வருஷம் வந்தவள் பின்லாந்துக்காரி, பெயர் ஐலா. அறவாழி வீட்டில்தான் தங்கியிருந்தாள். அடுத்த வருஷம் அங்கே போகத் தேர்வானவள் பூரணி, தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற ஒரு தாயின் ஒரே மகள். அவளுக்கு வழிகாட்டியும் அறவாழிதான்.

கிளப்பின் ஆண்டு விழா நெருங்கியபோது ஒரு வில்லங்கம் முளைத்தது. பரிமாற்றத் திட்டத்தை நிறுத்த வேண்டும் என்று பொருளாளர் சங்கரபாகம் தீர்மானம் கொடுத்துவிட்டார். விழா அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டெடுப்பு. நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு வழிகாட்டுவது நியாயம், வெளிநாட்டுப் பிள்ளை ஊர் சுற்றிப் பார்த்துப் போட்டோ பிடித்துக்கொண்டு போவதற்கு நாம் எதற்கு மெனக்கெட வேண்டும் என்பது அவர் கட்சி. மனுஷர் கெட்டவர் இல்லை. பிடித்தால் பிடித்ததுதான், அவ்வளவே. அவர் சொன்னால் தலையாட்டவும் கிளப்பில் ஆட்கள் இருந்தார்கள்.

தீர்மானம் ஜெயித்தால் பூரணியின் பயணம் நின்றுபோகும். விஷயத்தைச் சொன்னபோது அவள் அழவில்லை. பரவாயில்லை சார் என்று மட்டும் சொன்னாள். அறவாழிக்கு அதுதான் தாங்கவில்லை. அழுதிருந்தால்கூட ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார்.

நேரே டீச்சரிடம் போனார். டீச்சர் ஒரு காருக்கு அடியில் குனிந்து ஆயில் ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், ஐலா வந்து பத்து மாசம் ஆகப்போகுது. இதனால என்ன ஆச்சுன்னு சபையில கேட்டா நான் எதைக் காட்டுவேன்?”

டீச்சர் நிமிரவில்லை.

“விழா அன்னைக்குக் கேளுங்க அண்ணாச்சி.”

அறவாழிக்கு அது போதவில்லை. தன் பங்குக்குத் தடபுடலாக ஏற்பாட்டில் இறங்கினார். அழைப்பிதழில் ஐலாவின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, மேலே ‘சிறப்பு விருந்தினர்’ என்று அச்சடித்தார். மேடையில், விழாவுக்கு வரவிருந்த கிளப்பின் மண்டலத் தலைவருக்குப் பக்கத்திலேயே அவளுக்கு நாற்காலி. மாலை, பொன்னாடை, கேடயம், ஒன்றிலும் குறை வைக்கவில்லை. வந்த பிள்ளையை நாம் எப்படித் தாங்கினோம் என்று சங்கரபாகம் கண்குளிரப் பார்க்கட்டும் என்று நினைத்தார்.

தாங்கினார் என்பதும் உண்மைதான். ஐலா ஒரு டம்ளரைக் கழுவ எடுத்தால்கூட ஓடிப்போய்ப் பிடுங்கிவிடுவார். விருந்துக்கு வந்த பிள்ளை வேலை செய்யலாமா என்பார். அவளும் சிரித்துக்கொண்டே அவர் கடைக்குக் கிளம்புகிற வரைக்கும் பேசாமல் இருப்பாள். அதற்குப் பிறகு அந்த அடுப்படியில் என்ன நடந்தது என்பது அவருடைய மனைவி மனோரஞ்சிதத்துக்குத் தெரியும், அடிக்கடி வந்துபோகிற டீச்சருக்குத் தெரியும். வீட்டுக்காரருக்குத்தான் தெரியாது.

விழா நாளில் கல்யாண மண்டபம் நிறைந்துவிட்டது. கிளப்பின் வழிகாட்டுதலில் வளர்ந்த பிள்ளைகளின் பெயர்களை மண்டலத் தலைவர் ஒவ்வொன்றாக வாசித்தார். ஒருத்தி நர்ஸ். ஒருத்தி வக்கீல். ஒருவன் ஹாக்கிப் பயிற்சியாளர், சங்கரபாகம் கைபிடித்து வளர்த்த பிள்ளை. அவன் பெயர் வந்தபோது சங்கரபாகம் எழுந்து நின்றே கை தட்டினார். அறவாழிக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்படி ஒரு கிளப்பில் நானும் ஒருத்தன் என்று பக்கத்தில் இருந்தவரிடம் வாய்விட்டே சொன்னார்.

அடுத்து ஐலாவை மேடைக்கு அழைத்தார்கள். அவளைக் காணவில்லை.

மறுபடியும் அழைத்தார்கள். மண்டலத் தலைவர் பொன்னாடையைப் பிரித்துப் பிடித்தபடி சிரித்த முகமாக நின்றார், எவ்வளவு நேரம்தான் சிரிப்பார் பாவம். அறவாழிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கேயாவது போட்டோ பிடிக்கப் போயிருக்கும் என்று சங்கரபாகம் சொல்ல, முன்வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள். கடைசியில் பொன்னாடையை மடித்து வைத்துவிட்டு எல்லாரையும் சாப்பிட அழைத்துவிட்டார்கள்.

அறவாழி பின்னால் இருந்த சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினார். பூரணியும் கிளப்பின் மற்றப் பிள்ளைகளும் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே ஐலா, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, கையில் சாம்பார் வாளியோடு நின்றாள். டீச்சர் இலைகளில் உப்பு வைத்துக்கொண்டே வந்தார்.

டீச்சரிடம் அறவாழி குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். மேடையில் உட்கார வேண்டிய பிள்ளையிடம் வாளியைக் கொடுத்துவிட்டீர்களே, சபையில் மானம் போச்சே, பூரணியோட காரியம் இனிமேல் அவ்வளவுதானே என்று படபடவென்று பொரிந்து தள்ளினார். டீச்சர் அடுத்த இலைக்கு உப்பை வைத்தார்.

“நான் யாரு கையிலயும் எதையும் கொடுக்கலை அண்ணாச்சி. காலையில நான் வரும்போதே அவ உள்ள காய் நறுக்கிட்டு இருந்தா. பந்தி வருது, கொஞ்சம் ஓரமா நில்லுங்க.”

பந்தி உட்கார்ந்தது. ஐலா வரிசையாகச் சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தாள். கை நடுங்கும் ஒரு பெரியவர் சோற்றில் குழி பறித்துக்கொள்ளும்வரை பொறுத்திருந்து ஊற்றினாள். அப்பளம் விழாத இலையைப் பார்த்துப் பூரணிக்குக் குரல் கொடுத்தாள். சங்கரபாகம் போதும் போதும் என்று இலைக்கு மேலே கையை மறித்தார். இதுக்கே போதுமா பெரியப்பா, அடுத்து ரசம் வேற இருக்கு என்று அடுப்படியில் பழகிய தமிழில் சொல்லி, கை விலகுகிறவரை அவள் நகரவில்லை.

சங்கரபாகம் அதற்கெல்லாம் மயங்குகிற ஆளா? ஓரமாக நின்ற அறவாழியை நிமிர்ந்து பார்த்து, ஓட்டுக்குன்னு நல்லாத்தான் பழக்கி வச்சிருக்கீரு என்றார்.

கூட்டு இரண்டாம் சுற்று வந்துகொண்டிருந்த நேரம், ஐலா வாளியை வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போனாள். அறவாழி பந்தியைச் சுற்றிக்கொண்டு சுவரோரம் ஓடினார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மண்டலத் தலைவர் வந்த கார் வெயிலில் நின்றது. டிரைவர் சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தார். அந்த மனுஷரைச் சாப்பிட வாங்க என்று ஒருத்தரும் கூப்பிட்டிருக்கவில்லை. மண்டலத் தலைவருக்கும் ஞாபகம் இல்லை, விழா நடத்துகிற அறவாழிக்கும் ஞாபகம் இல்லை.

ஐலா கார்க் கண்ணாடியைத் தட்டினாள். டிரைவர் வேண்டாம் என்று கையாட்டினார். அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் இறங்கித்தான் ஆக வேண்டியிருந்தது. உள்ளே கூட்டி வந்து, கை கழுவ இடம் காட்டி, சங்கரபாகத்துக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த இலையில் உட்கார வைத்து, சோறு வருகிறவரை கூடவே நின்றாள்.

சங்கரபாகம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அவளை யார் அனுப்பியது என்று அறவாழியிடம் கேட்டார். அறவாழி மறைக்கவில்லை. அந்த டிரைவர் வெளியே கிடந்ததே எனக்குத் தெரியாது, இவ்வளவு நேரமும் அவளை எப்படி மேடைக்கு இழுத்துப் போகலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்றார். சங்கரபாகம் டிரைவரின் இலையைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். ரசம் வந்தது, மோர் வந்தது, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்தார்.

எல்லாப் பந்தியும் முடிந்து உறுப்பினர்கள் மறுபடி முன்கூடத்தில் கூடினார்கள். தீர்மானத்தை வாசிக்கச் சொன்னபோது சங்கரபாகம் எழுந்து தொண்டையைக் கனைத்தார்.

“தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கிடுதேன். அடுத்த வருஷம் வர்ற பிள்ளை எங்க வீட்டுல தங்கட்டும்.”

சொன்ன வேகத்தில் உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அறவாழிக்குக் கண்ணீரை அடக்க முடியவில்லை, அடக்கவும் அவர் முயலவில்லை. பூரணியிடம் சொல்ல ஓட்டமும் நடையுமாகப் பின்கூடத்துக்குப் போனார். கேட்டதும் பூரணி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஐலா அவளைக் கட்டிக்கொண்டு ஏதேதோ தமிழிலும் ஏதேதோ தன் பாஷையிலும் சொல்லிக் குதித்தாள். மனோரஞ்சிதம் இரண்டு பேர் முகத்தையும் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

பார்க்கப் பார்க்க அறவாழிக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமைக்கு நடுவில்தான் திடீரென்று ஒன்று உறைத்தது. டீச்சரிடம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

“டீச்சர், ஊரே சாப்பிட்டுக் கிளம்பியாச்சு. சிறப்பு விருந்தினர்னு பெருசா அச்சடிச்சுட்டு, அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒரு வாய்ச் சோறு போடலையே நாம?”

டீச்சர் பரிமாறிய பிள்ளைகளுக்காகக் கடைசி வரிசையில் இலை போட்டுக்கொண்டிருந்தார்.

“உங்க மூத்த மக கல்யாணத்துல நீங்க எந்தப் பந்தியில சாப்பிட்டீங்க அண்ணாச்சி?”

கடைசிப் பந்தியிலதான் என்றபடியே அறவாழி அந்த வரிசைக்கு வந்தார். வரிசையில் உட்கார்ந்த ஐலா கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.