செவ்வலகியின் தேன்குரல்

ஈச்சங்குட்டையின் கரையில் செவ்வலகி என்ற ஆள்காட்டிக் குருவி வாழ்ந்து வந்தாள். சிவந்த அலகு, மஞ்சள் கால்கள், பளபளக்கும் சிறகுகள். பார்க்க லட்சணமாகத்தான் இருப்பாள். வாயைத் திறந்தால்தான் வம்பு! காட்டின் இந்தக் கோடியில் அவள் பேசினால் அந்தக் கோடியில் உறங்குகிறவர்கள் எழுந்து உட்காருவார்கள்.

இது செவ்வலகிக்குத் தெரியாது. தன் குரல் தேன் என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலையில் ஒரு முயல் அமைதியாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தது. செவ்வலகி அன்போடு விசாரித்தாள்.

"தம்பி! சௌக்கியமா?"

முயல் துள்ளி எகிறியது. விழுந்த இடம் இலந்தைப் புதர். முள்ளிலிருந்து உடம்பைப் பிய்த்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் ஓட்டம் பிடித்தது.

"பார்த்தீங்களா! நல்லா இருக்கியான்னு கேட்டா, பதில் சொல்லக்கூட மரியாதை தெரியலை!" என்று கணவனிடம் அங்கலாய்த்தாள் செவ்வலகி.

கணவன் நெடுங்காலன் ஒற்றைக் காலில் நின்றபடி கண்ணயர்ந்திருந்தான். அலறி விழித்தான்.

"எங்கே? எங்கே கீரி?"

"கீரியும் இல்லை, பாம்பும் இல்லை. நான்தான் பேசினேன்!"

"கொஞ்சம் மெதுவாப் பேசக்கூடாதா, புள்ள?"

"யாரு, நானா சத்தமாப் பேசுறேன்? நீங்க கத்துற கத்தலுக்கு முன்னால நான் பேசுறது கொசு பாடுற மாதிரி!"

"நானா கத்துறேன்?"

இருவரும் இதைப் பற்றி நெடுநேரம் விவாதித்தார்கள். கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த தவளைகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் குதித்துவிட்டன.

அந்தக் கோடையில் செவ்வலகி நான்கு முட்டைகள் இட்டாள். ஆள்காட்டிகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. கூழாங்கற்களுக்கு நடுவே சிறு பள்ளம் ஒன்று போதும். முட்டைகளும் கற்களைப் போலவே புள்ளிபுள்ளியாக இருக்கும். தேடி வருகிறவன் கண்ணுக்குக்கூட அவ்வளவு எளிதில் அகப்படாது. உச்சி வெயிலில் கல் கொதிக்கும்போது செவ்வலகி குட்டைக்கு ஓடுவாள். வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளின் மேல் அமர்வாள். முட்டைகள் குளிர்ந்திருக்கும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் குட்டையில் தண்ணீர் வற்றத் தொடங்கியது. மிஞ்சிய தண்ணீர் முட்டைகள் இருந்த கூழாங்கல் மேட்டின் பக்கமாக ஒதுங்கியது. சேற்றில் புரள வரும் எருமைக் கூட்டமும் அந்த மேட்டின் வழியாகவே இறங்க ஆரம்பித்தது.

முதல் நாளே ஒரு குளம்பு முட்டைகளுக்கு மிக அருகில் "தொம்" என்று விழுந்தது. செவ்வலகிக்கு உயிரே போய்விட்டது.

"பயப்படாதீங்க. எருமைகள் சாதுவானவங்க. நாளைக்கு நான் பக்குவமா எடுத்துச் சொல்றேன்" என்றாள் கணவனிடம்.

மறுநாள் எருமைகள் வந்தன. கூட்டத்தின் தலைவி கட்டைக்கொம்பி முன்னால் நடந்தாள். செவ்வலகி பறந்து போய், அவள் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்து, மிகப் பணிவாகச் சொன்னாள்:

"பெரியம்மா! தயவுசெஞ்சு கொஞ்சம் ஒதுங்கிப் போறீங்களா?"

எருமைகளின் காதில் ஒரு சொல்லும் விழவில்லை. அலறல் மட்டுமே விழுந்தது.

"ஆள்காட்டி கத்துது! புலி வந்துடுச்சு! ஓடுங்க!" என்று வீறிட்டாள் கட்டைக்கொம்பி.

கூட்டம் தறிகெட்டு ஓடியது. புழுதி அடங்கியபோது முட்டைகள் தப்பியிருந்தன. சுற்றியிருந்த கற்கள்தான் திசைக்கொன்றாகச் சிதறிக் கிடந்தன.

"இவ்வளவு இனிமையாச் சொல்லியும் கேட்கலையே! எருமைத் தோல்னு சும்மாவா சொன்னாங்க!" என்று கொதித்தாள் செவ்வலகி.

"வேற வழி இருக்கு. நம்ம குலத்து வித்தை இருக்கும்போது நமக்கென்ன கவலை?" என்றான் நெடுங்காலன்.

குலத்து வித்தை இதுதான். நரி முட்டையைத் தேடி வந்தால், ஆள்காட்டி கூட்டை விட்டுத் தூரமாகப் போய் நிற்கும். ஒரு சிறகு ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு கத்தும். நரி வாயில் எச்சில் ஊற அந்தச் சத்தத்தை நோக்கி ஓடும். கூடு தப்பிவிடும்.

"நரியையே ஏமாத்துறோம். எருமை எம்மாத்திரம்!" என்றாள் செவ்வலகி.

அடுத்த நாள் எருமைகள் மேட்டை நெருங்கியபோது அவள் முட்டைகளுக்கு எதிர்ப்பக்கமாகப் போய் நின்றுகொண்டாள். சிறகை இழுத்தாள். உருண்டாள். உயிரே போவதுபோல் கத்தினாள். அவள் நடிப்பில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் நரி சத்தத்தை நோக்கி ஓடும். எருமை சத்தத்தை விட்டு ஓடும்! இது அவளுக்குத் தோன்றவே இல்லை. கூட்டம் முழுவதும் திரும்பி, நேராக முட்டைகள் இருந்த பக்கம் பாய்ந்தது. நெடுங்காலன் முட்டைகளின் மேல் உட்கார்ந்து, இறக்கைகளை விரித்து, கண்களை இறுக மூடிக்கொண்டான். குளம்புகள் இடமும் வலமும் இடிபோல் விழுந்தன. ஒரு முட்டை துள்ளி, உருண்டு, ஒரு குளம்படிப் பள்ளத்துக்குள் போய்க் கிடந்தது. உடையாதது அதன் அதிர்ஷ்டம்!

செவ்வலகி அழுதுகொண்டே அந்த முட்டையை அலகால் உருட்டிக் கூட்டில் சேர்த்தாள். குஞ்சுகள் பொரிக்கும் காலம் நெருங்கிவிட்டது. இன்னொரு முறை இப்படி நடந்தால் ஒன்றுகூட மிஞ்சாது.

பக்கத்து ஈச்சமரத்தில் ஒரு கரிச்சான் உட்கார்ந்திருந்தது. அது எருமைகளின் முதுகில் சவாரி செய்து பூச்சி பிடிக்கும் பறவை. செவ்வலகி அதனிடம் போய்ப் புலம்பினாள்.

"கரிச்சான் தம்பி! நீ அவங்க முதுகிலேயே குடியிருக்கே. அவங்களுக்குக் காது கேட்காதா? இல்லை, இரக்கம் கிடையாதா?"

கரிச்சான் மட்டையிலிருந்து விழப் பார்த்து, சமாளித்துக்கொண்டது. பின்பு நிதானமாகச் சொன்னது.

"அக்கா, நீங்க போய் முட்டைகளைப் பாருங்க. நான் யோசிச்சுச் சொல்றேன்."

செவ்வலகி கூட்டை நோக்கி நடந்தாள். கரிச்சான் ஓலைக்குப் பின்னால் மறைந்தது. அதற்கு ஒரு வித்தை தெரியும். யாருடைய குரலைக் கேட்டாலும் அச்சாக அப்படியே திருப்பிக் குரல் கொடுக்கும்.

அடுத்த கணம் காடே கிழிவதுபோல் ஓர் அலறல்!

செவ்வலகி குப்புற விழுந்தாள். எழுந்தாள். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் தன்னையே ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு கணவன்மேல் பாய்ந்தாள்.

"ஏங்க! எதுக்கு இப்படி அலறுறீங்க? எனக்குக் குலை நடுங்கிப் போச்சு!"

முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த நெடுங்காலன் வாயில் ஒரு பெரிய வண்டு இருந்தது. அதை அவசரமாக விழுங்கினான்.

"வாய் நிறைய வண்டை வச்சுக்கிட்டு நான் எப்படிடி அலறுவேன்?"

"அப்போ இந்தக் கேடுகெட்ட கத்தலை யாரு கத்தினது? நல்லது பொல்லாது தெரியாத ஜென்மம்!"

"நீங்கதான் அக்கா" என்று ஓலைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது கரிச்சான். "'தயவுசெஞ்சு கொஞ்சம் ஒதுங்கிப் போறீங்களா'ன்னு கேட்டீங்களே, அதேதான். ஒரு மாத்திரை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை."

"பொய்! நான் பேசும்போது எனக்குத் தேன் மாதிரி கேட்குமே!"

"உங்களுக்குக் கேட்கிறது உங்க மனசு அக்கா. எங்களுக்குக் கேட்கிறது உங்க தொண்டை!"

நெடுங்காலன் விழுந்து விழுந்து சிரித்தான். "நான் அப்பவே சொன்னேன், கேட்டியா?"

கரிச்சான் அவன் பக்கம் திரும்பி, அவன் குரலில் ஒரு குரல் கொடுத்தது. நெடுங்காலன் சிரிப்பை மறந்து கல்லுக்குப் பின்னால் பதுங்கினான்.

"யாரது? யாரது?"

"அதுவா? முட்டைங்களுக்கு நீங்க பாடுற தாலாட்டு!" என்றது கரிச்சான்.

செவ்வலகிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது. முள்ளில் விழுந்த முயல் நினைவுக்கு வந்தது. தண்ணீருக்குள் குதித்த தவளைகள் நினைவுக்கு வந்தன. தன் முட்டைகளை மிதிக்கச் சொல்லி எருமைகளைத் துரத்திவிட்டதே தன் வாய்தான் என்பதும் விளங்கியது. அவள் அலகை மூடிக்கொண்டாள்.

அன்று மாலை முழுவதும் அவள் மெதுவாகப் பேசிப் பழகினாள். முதலில் குரல் வரவில்லை; விக்கல்தான் வந்தது. பிறகு ஒரு கமறல் வந்தது.

"உடம்புக்கு ஏதாவதா?" என்று பயந்துபோய்க் கேட்டான் நெடுங்காலன்.

"பணிவாப் பேசிப் பழகுறேன். பேசாம இருங்க!" என்று கத்திவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் எருமைகள் வந்தன. நிலம் அதிர்ந்தது. செவ்வலகியின் தொண்டைக்குள் அலறல் பொங்கி வந்தது. அதை அப்படியே விழுங்கினாள். தலைக்கு மேலே பறக்கவில்லை. தூரமாகவும் ஓடவில்லை. முட்டைகளுக்கு முன்னால் தரையில் நின்று, இறக்கைகளை மெல்ல விரித்தாள்.

கட்டைக்கொம்பி சடக்கென்று நின்றாள். பின்னால் வந்தவை ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டன.

"என்னடி இது அதிசயம்! ஆள்காட்டி வாயை மூடிக்கிட்டு நிக்குது!"

செவ்வலகி மெல்லிய குரலில் சொன்னாள்: "பெரியம்மா, இங்கே என் முட்டைங்க இருக்கு. கொஞ்சம் சுத்திப் போனீங்கன்னா புண்ணியமா இருக்கும்."

கட்டைக்கொம்பி குனிந்து மூக்கை நீட்டிப் பார்த்தாள். அப்போதுதான் கற்களுக்கு நடுவே நான்கு முட்டைகள் தெரிந்தன.

"அட, ஆத்தா! இதைச் சொல்லத்தானா அந்தக் கத்துக் கத்தினே? நாங்க புலின்னு நெனைச்சு ஓடி ஓடி, எனக்கு முழங்காலே போச்சு! நானும் நாலு பெத்தவதான். முதல்லேயே சொல்லக்கூடாதா?"

"சொன்னேன் பெரியம்மா. எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு" என்றாள் செவ்வலகி.

கட்டைக்கொம்பி கனைத்துச் சிரித்தாள். எருமைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டு போய்ச் சேற்றில் இறங்கின.

செவ்வலகிக்குப் பெருமை பிடிபடவில்லை. எல்லோரிடமும் மெல்லப் பேசினாள். அப்படி இருக்கையில் ஒரு மாலையில் புல்லை விலக்கிக்கொண்டு ஒரு நரி வந்தது. மோப்பம் பிடித்துக்கொண்டு நேராகக் கூட்டை நோக்கி நடந்தது.

செவ்வலகி அதன் முன்னால் போய் நின்று, குழைவாகத் தொடங்கினாள். "ஐயா, தயவுசெஞ்சு கொஞ்சம் ஒதுங்கி..."

"இன்னும் நல்லாப் பேசு, கண்ணு. உன் குரல் தேன்!" என்று நாக்கைச் சுழற்றியபடி இன்னும் நெருங்கியது நரி.

"அடியே! இப்பக் கத்துடி!" என்று பதறினான் நெடுங்காலன்.

செவ்வலகிக்குச் சுரீரென்று உறைத்தது. தன் குரல் என்ன செய்யும் என்று இப்போது அவளுக்கு நன்றாகத் தெரியும். அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து ஒரு கத்துக் கத்தினாள். ஈச்சமரத்துக் கரிச்சான் இரண்டு மட்டை கீழே போய் விழுந்தது. நரியின் காதுகள் பின்னால் மடங்கின.

சேற்றில் கிடந்த எருமைகள் எழுந்து ஓடப் பார்த்தன. "நில்லுங்கடி! அவ இப்பல்லாம் சும்மா கத்துறதில்லை. முட்டைக்கு ஏதோ ஆபத்து!" என்றாள் கட்டைக்கொம்பி. கொம்பைத் தாழ்த்திக்கொண்டு சேறு சொட்டச் சொட்ட மேட்டில் ஏறினாள். கூட்டம் அவள் பின்னால் ஏறியது. நரி வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் முயலே தோற்றுப் போயிருக்கும்.

தன் குரல் பிறர் காதில் எப்படி விழுகிறது என்பதை அறிந்தவரே, சொல்ல நினைத்ததைச் சொல்ல வல்லவர்.